சோனிங்: நிலப்பயன் வரையறை

'சோனிங்' என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தின் 'ஸோனே'. இடுப்பில் கட்டும் கச்சை என்று பொருள். வெப்பம், மிதம், குளிர் என்று பூமியைப் பட்டைகளாகப் பிரித்த பழைய கிரேக்கர்கள் அந்தப் பட்டைகளையும் இப்படித்தான் அழைத்தார்கள். லத்தீன் வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது.

சட்டத்தில் இதன் பொருள் வேறு. எந்த நிலத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அரசு முன்கூட்டியே வகுத்து வைப்பது. நிலம் உரிமையாளருடையதுதான், பயன்பாட்டுக்குத்தான் கட்டு. நியூயார்க் 1916-இல் நகரம் முழுமைக்கும் இதைக் கொண்டுவந்தது. 1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்றது. வழக்கில் சிக்கிய ஊரான யூக்ளிட்டின் பெயரால் இதை 'யூக்ளிடிய சோனிங்' என்கிறார்கள். வடிவியல் பாடம் என்று மிரள வேண்டாம்.

விளைநிலத்தைக் காக்க இதைக் கடுமையாகக் கையாண்ட அமெரிக்க மாநிலம் ஓரிகன். அங்கே 1973 சட்டத்தின்படி ஒவ்வொரு நகரமும் தன் வளர்ச்சிக்கு எல்லைக்கோடு போட்டாக வேண்டும். 20 ஆண்டு வீட்டுத் தேவைக்கான நிலம் கோட்டுக்குள் இருக்க வேண்டும். வெளியே வேளாண் நிலத்தைப் பொதுவாக 80 ஏக்கருக்குக் குறைவான துண்டுகளாகப் பிரிக்க முடியாது; மேய்ச்சல் நிலமானால் 160. துண்டு சிறுத்தால் அது வீட்டுமனையாகிவிடும், அந்த விலைக்கு எந்த விவசாயியும் வாங்க முடியாது. சரி, நிலத்தை மனையாக விற்க நினைத்த உரிமையாளருக்கு வந்த நட்டத்தை யார் ஈடுகட்டுவது? 2004 வாக்கெடுப்பில் மக்கள், 'இழப்பீடு கொடு, இல்லையேல் விதியைத் தளர்த்து' என்றார்கள். 2007-இல் அவர்களே வாக்களித்து அதைப் பெருமளவு சுருக்கினார்கள்.

தமிழில் 'மண்டலப்படுத்தல்' என்று எழுதுகிறோம். மண்டலம் என்றால் வட்டம். தொண்டைமண்டலம், சோழமண்டலம் என்பதுபோல் நிலப்பகுதியும்கூட. பகுதி பிரித்ததை அது சொல்கிறது, விதித்த கட்டுப்பாட்டைச் சொல்லவில்லை. 'நில வகைப்பாடு' இன்னும் குழப்பும். நன்செய், புன்செய் என்பது நிலம் இப்போது என்னவாக இருக்கிறது என்ற கணக்கு. சோனிங் அது என்னவாகலாம் என்ற அனுமதி. 'நிலப்பயன் வரையறை' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 'வரை' என்பதில் கோடும் உண்டு, எல்லையும் உண்டு. 'சோன்' என்பதற்கு மட்டும் மண்டலமே போதும்: வேளாண் மண்டலம், தொழில் மண்டலம். ஒன்றை இன்னொன்றாக மாற்றினால், அது நிலப்பயன் மாற்றம்.