கடல்தண்ணீர்தானே ஊற்றினேன், மீன் ஏன் செத்தது?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பழைய கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி, கடல்தண்ணீரையே நிரப்பி, நாலு சின்ன மீன் விட்டேன். ஒரு கிழமைக்குள் எல்லாம் செத்துப் போயின. அம்மா நாவூறு என்கிறா. கடைக்காரர் பெரிய பில்டர் வாங்கச் சொல்கிறார். அவ்வளவு காசு என்னிடம் இல்லை. என்ன செய்யலாம்?"

நாவூறும் காரணமில்லை, பில்டரின் விலையும் காரணமில்லை. மீனின் கழிவை மாற்றித் தரும் நுண்ணங்கிகள் அந்தத் தொட்டியில் இன்னும் குடியேறவில்லை. குறைந்த செலவில் கடல்மீன் தொட்டி வைப்பதென்றால் முக்கால்வாசி வேலை இவற்றை வளர்ப்பதுதான்.

தண்ணீர் விடயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. சமையல் உப்பைக் கரைத்து இதை உண்டாக்க முடியாது. உப்பளத்தில் சோடியங் குளோரைட்டு படியும்போது மகனீசியத்தின் பெரும்பகுதி மிச்சத் தண்ணீரோடு வெளியே போய்விடுகிறது. கடலில்லாத ஊர்க்காரர்கள் இதற்கென்றே உப்புக்கலவை விலைக்கு வாங்குகிறார்கள். திருகோணமலையில் இருப்பவருக்கு அந்தச் செலவு மிச்சம். ஆனால் அள்ளும் இடம் முக்கியம். கொட்டியாரக்குடாவில் மகாவலி ஆறு வந்து விழுவதால் மாரியில் அங்கே உப்பு குறைந்துவிடும். துறைமுகப் பக்கம் எண்ணெய் கலந்திருக்கலாம். மழையில்லாத நாளில், நிலாவெளிப் பக்கம், கரையை விட்டுத் தள்ளி எடுப்பது நல்லது. கடல்தொழிலுக்குப் போகும் ஒருவரிடம் சுத்தமான கானைக் கொடுத்துவிட்டால் அள்ளி வந்து தருவார். துணியால் வடித்து ஊற்றினால் சரி.

இனி அந்த நுண்ணங்கிகள். மீன் தின்ற புரதத்திலிருந்து கழிவாகும் நைதரசனின் பெரும்பகுதி செவுள் வழியாக அமோனியாவாக வெளியேறுகிறது. கடலில் அது எங்கோ கலந்து போகும். தொட்டியில் போக்கிடம் இல்லை. கடல்நீரின் பிஎச் (அமில-கார அளவு) 8.2 அளவில் இருப்பதும் எங்கள் ஊர்ச் சூடும் சேர்ந்து, கெடுதி குறைந்த அமோனியம் அயனில் ஒரு பங்கை நஞ்சான அமோனியாவாக மாற்றிவிடுகின்றன. அந்த நாலு மீனும் தங்கள் கழிவிலேயே வெந்து செத்திருக்கின்றன.

க.பொ.த. சாதாரண தரத்தில் நைதரசன் வட்டம் படித்தவர்களுக்கு அடுத்தது தெரியும். ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக்கும் (NO₂⁻), இன்னொரு கூட்டம் அதை நைத்திரேற்றாக்கும் (NO₃⁻). பாடப்புத்தகம் இரண்டு அம்புக்குறி போட்டுத் தாண்டிப் போகும் இந்த இடத்தில்தான் எனக்கு எப்போதும் நின்று பார்க்கத் தோன்றும். இந்த நுண்ணங்கிகளுக்கு அமோனியா சோறு அல்ல, விறகு. அதை ஒட்சிசனோடு சேர்த்து எரித்து, வரும் சக்தியைக் கொண்டு தண்ணீரில் கரைந்த காபனீரொட்சைட்டிலிருந்து தம் உடம்பைக் கட்டுகின்றன. செடி வெயிலை வைத்துச் செய்யும் வேலையை இவை இருட்டில் செய்கின்றன. நுண்ணங்கியியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 அளவில் சூரிச்சில் இவற்றைப் பிரித்தெடுத்தார். மற்றவர்கள் ஜெலற்றின் தட்டில் வளர்க்கப் பார்த்தார்கள். அந்தச் சத்தில் வேறு பற்றீரியாக்கள்தான் பெருகின. அவர் சேதன உணவையே, அதாவது உயிர்ப்பொருளிலிருந்து வரும் சத்தையே, எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல்லில் வளர்த்தார். பட்டினி போட்ட இடத்தில் இவை வளர்ந்தன.

ஆனால் இந்த விறகில் வரும் சக்தி கொஞ்சம்தான். குடலில் வாழும் ஈ.கோலை பற்றீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகிறது. இவற்றுக்கு அரை நாள், ஒரு நாள், சிலவேளை அதைவிடக் கூடவும் எடுக்கும். புதுத் தொட்டிக்கு 4 முதல் 6 கிழமை வேண்டும் என்பது இதனால்தான். மீன் செத்ததற்கு நாவூறு என்று சொன்னால் எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான். காரணத்தை வெளியே தள்ளிவிட்டு, அடுத்த மீனையும் அதே தொட்டியில் விடுகிறார்கள்.

2005-ல் இன்னொரு புதுமை தெரியவந்தது. அமெரிக்காவின் சியாற்றில் நகர மீன்காட்சியகத்தில், ஒரு வெப்பக் கடல்நீர்த் தொட்டியின் பரலிலிருந்து, அமோனியாவை எரிக்கும் ஓர் ஆக்கியாவைப் (பற்றீரியா அல்லாத இன்னொரு வகை நுண்ணங்கி) பிரித்தெடுத்தார்கள். நைத்திரோசோபியூமிலசு என்று பெயர் வைத்தார்கள். பற்றீரியா மட்டுமே செய்யும் என்று நூறு வருடத்துக்கு மேலாக நம்பியிருந்த வேலை அது. பிறகு பார்த்தால் இந்தக் கூட்டம் உலகக் கடலெல்லாம் ஏராளமாக இருக்கிறது. கோணேசபுரியில் கடலோரமாகவே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் எங்கள் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே பிரயோக விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு நல்ல நுணுக்குக்காட்டியும் கொஞ்சம் ஆராய்ச்சிப் பணமும் கிடைத்தால், கொட்டியாரச் சேற்றில் என்னென்ன இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். அதற்குப் பணம் ஒதுக்குவதை வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இவை தண்ணீரில் மிதந்து திரிவதைவிட எதிலாவது ஒட்டி வாழவே விரும்பும். ஆகவே விலைகூடிய பில்டர் தேவையில்லை. காற்றுப் பம்போடு ஓடும் ஸ்பொஞ்ச் பில்டர் போதும். அடியில் கோழித்தீனிக்கு விற்கும் சிப்பித்தூளைக் கழுவிப் போடுங்கள். நைத்திரைற்று உண்டாகும்போது அமிலமும் சேர்ந்தே உண்டாகும். சிப்பியின் கல்சியங் காபனேற்று அதை ஓரளவு தாங்கும். முருகைக்கல்லை (பவளப்பாறையை) கடலிலிருந்து பெயர்க்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது.

மீனுக்குப் பதில் ஒரு இறால் துண்டைப் போட்டு அழுக விடுங்கள். நாற்றம் வரும், பரவாயில்லை. கட்டாயம் காசு செலவழிக்க வேண்டிய இடம் அமோனியா, நைத்திரைற்று டெஸ்ட் கிட். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டால் மஞ்சள் பச்சையாகும், அதுதான் அமோனியா. சில நாளில் அது இறங்கி நைத்திரைற்று ஏறும். கடல்நீரின் குளோரைட்டு செவுளில் நைத்திரைற்றை உள்ளே விடாமல் மறிப்பதால், நன்னீர் மீனுக்குப் போல அவ்வளவு கெடுதி இல்லை. இரண்டும் பூச்சியத்துக்கு வந்த பிறகு ஒரு மீன், சில கிழமை கழித்து இன்னொன்று. ஏற்கெனவே கடல்தொட்டி வைத்திருப்பவரிடம் ஊறிய ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் காலம் நன்றாகக் குறையும். ஸ்பொஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம், குளோரின் இவற்றைக் கொன்றுவிடக்கூடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள்.

கரண்ட் போனால் மீனுக்கு மட்டுமல்ல, இவற்றுக்கும் மூச்சு முட்டும். 2022-ல் 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அப்படிப்பட்ட நாளுக்குப் பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று கையில் இருக்கட்டும்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். கண்ணாடியில் மாக்கரால் ஒரு கோடு போட்டு, மட்டம் இறங்க இறங்க அந்தக் கோடு வரை நன்னீர் விடுங்கள்; கடல்நீர் விட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் சேரும் நைத்திரேற்றை இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிக் குறைக்கலாம். அந்த மாற்றத்துக்குத்தான் புதுக் கடல்நீர். வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் நல்ல தண்ணீர் அள்ள முடியாது. புரட்டாதி முடிவதற்குள் சில கான்களை நிரப்பி, மூடி, வெயில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.