ஒத்திகையில் தேயும் குரல்

கோலாலம்பூரில் இசை நாடகம் போடும் தமிழ்க் குழுக்களில் முழுநேரக் கலைஞர்கள் அரிது. பகலெல்லாம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியை, வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் எட்டு மணி நேரம் தொலைபேசியில் பேசும் இளைஞர், பட்டறையில் வேலை பார்ப்பவர் என்று பலரும் இரவு எட்டு மணிக்கு மேல் பிரிக்பீல்ட்ஸ் பக்கமோ செந்தூல் பக்கமோ ஒரு மண்டபத்தில் கூடிப் பாடி, ஆடி, வசனம் பேசிப் பழகுகிறார்கள். குரல் சிகிச்சையாளராக இவர்களை என் அறையில் சந்திக்கும்போது நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான்: மேடையேறிய இரவில் கெட்ட குரல்கள் குறைவு, அதற்கு முந்தைய இரண்டு மூன்று வார ஒத்திகையில் கெட்டவையே அதிகம். ஆகவே, பாடுவோரைக் காட்டிலும் ஒத்திகை அட்டவணையைப் போடும் இயக்குநர்களை எண்ணியே இதை எழுதுகிறேன்.

குரல்வளைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் இரு மடிப்புகளான குரல்நாண்கள் மிகச் சிறியவை. அவற்றின் அதிரும் பகுதி பெண்களுக்கு ஏறத்தாழ 1 செ.மீ., ஆண்களுக்கு 1.5 செ.மீ. நீளமே இருக்கும். ஐந்து கட்டைச் சுருதியில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடும் பெண் மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வைத் தொடும்போது அவை வினாடிக்கு 392 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. உரக்கப் பாடினால் மோதலின் விசையும் கூடும். ஏற்கனவே வீங்கியிருக்கும் நாண்களை ஓய்வின்றி மேலும் மோதவிட்டால், உராய்வு மிகுதியாக இருக்கும் நடுப்பகுதியில் இருபுறமும் தடிப்பு விழுகிறது. குரல்நாண் முடிச்சு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். தொடக்கநிலையில் இது பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையின்றியே, ஓய்வாலும் பயிற்சியாலும் சரியாகும்.

முதன்மைப் பாத்திரம் ஏற்றிருந்த ஆசிரியை ஒருவர் என்னிடம், “சத்தமா பாடுனா வருதுங்க, மெதுவா பாடுனாத்தான் வெறும் காத்தா போகுது” என்றார். தம் குரலில் பெரிய கோளாறு இல்லை என்பதற்குச் சான்றாகவே அதைச் சொன்னார். உண்மையில் வீக்கத்தின் முதல் அடையாளமே அதுதான். உரத்துப் பாடும்போது காற்றழுத்தம் வீக்கத்தை மறைத்துவிடும். மேல் ஸ்தாயியில், அதாவது உயர்ந்த சுரங்களில், மெல்லப் பாடும்போது மறைக்க வழியில்லை. தெரிந்த பாட்டின் ஒரே ஒரு வரியைத் தினமும் காலையில் உயர்ந்த சுருதியில், தொட்டிலில் குழந்தை தூங்குவது போன்ற மென்மையுடன் பாடிப் பாருங்கள். நேற்று வந்த ஒலி இன்று தாமதித்து வந்தாலோ, தொடக்கத்தில் காற்று மட்டும் வந்தாலோ, அன்றைய ஒத்திகையில் முழுக்குரல் கொடுக்கக் கூடாது.

முழுக்குரல் கொடுக்காமல் எப்படி ஒத்திகை பார்ப்பது என்று கேட்பார்கள். நடன அசைவும் மேடை இடமும் பழகும் நாளில் பாட்டை அரைக்குரலிலோ ஒரு ஸ்தாயி கீழிறக்கியோ பாடினால் போதும். உலகெங்கும் தொழில்முறை இசை நாடகங்களில் இதுவே வழக்கம். நம் குழுக்களிலோ இது சோம்பலாகப் பார்க்கப்படுகிறது. “உணர்ச்சியே இல்லையே!” என்று இயக்குநர் கடிந்துகொள்ள, பாடும் பெண் நான்காவது முறையும் தொண்டையைத் திறந்து பாடுகிறார். இந்தப் பழக்கத்தை மாற்ற இயக்குநரால் மட்டுமே முடியும். அழுகை, அலறல், சண்டை வரும் காட்சிகளை உச்சப் பாடலுக்கு முன்னும் பின்னும் அடுக்கி ஒரே இரவில் பழக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

அடுத்தது மண்டபம். மின்விசிறிகள் கடகடக்க, ஒலிபெருக்கியிலிருந்து பின்னணி இசை முழு ஒலியில் வர, பாடுவோர் மட்டும் மைக் இல்லாமல் அதற்கு மேல் குரல் கொடுக்கிறார்கள். சுற்றியுள்ள சத்தம் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-இலேயே எடுத்துக்காட்டினார். மன உறுதியால் இதை வெல்வது கடினம். இசையின் ஒலியைக் குறைப்பதே எளிது. பின்னணி இசையின் சுருதியும் பாடுபவருக்குப் பொருந்த வேண்டும். கைப்பேசிச் செயலியிலேயே சுருதியைக் கூட்டிக் குறைக்க முடிகிற காலத்தில், மூலப் பாடலின் கட்டையிலேயே பாடியாக வேண்டும் என்று வற்புறுத்துவது நியாயமில்லை.

மைக் வராத காலத்தில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடவில்லையா என்று மூத்த நாடகக்காரர்கள் சொல்வதுண்டு. பாடினார்கள். ஆனால் சிறு வயதிலிருந்து பாட்டையே தொழிலாகக் கொண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். பகலெல்லாம் வகுப்பறையில் கத்திவிட்டு மேடைக்கு வந்தவர்கள் அல்லர். அதே காலத்தில் சிறுவர்களே நடித்த ‘பாய்ஸ் கம்பெனி’ நாடகக் குழுக்களில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் பாட்டு வேடத்தை இழந்த சிறுவர்களையும் நாம் மறக்கக் கூடாது. இன்று பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களைச் சேர்க்கும் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும். குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும் அந்தப் பருவத்தில் பையனுக்கு எட்டும் சுருதி மாதத்துக்கு மாதம் மாறும். பழைய சுருதியை எட்டும்படி அவனை விரட்டாமல், பாட்டை அவனுக்கேற்ப இறக்குங்கள்.

இரவு பதினொரு மணிக்கு ஒத்திகை முடிந்து எல்லாரும் மாமாக் கடைக்கு, அதாவது இந்திய முஸ்லிம் உணவகத்துக்குப் போவது நம்மூர் வழக்கம். ரொட்டி சானாயும் தே தாரிக் எனும் ஆற்றிய பால் தேநீரும் உண்டு வீடு திரும்பி உடனே படுத்தால், இரைப்பை அமிலம் மேலேறிக் குரல்வளையை எரிக்கக்கூடும். உணவை ஒத்திகைக்கு முன்னால் முடித்துக்கொள்வது நல்லது.

கைவைத்தியம் பற்றி ஒரு சொல். மிளகுப் பாலும் தேனும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதம் தரும். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறிவிடும். குடிக்கும் தண்ணீர்கூட உடம்பில் கலந்த பிறகே அங்கே ஈரம் சேர்க்கும் என்பதால், மேடைக்கு முன் அரை போத்தல் குடிப்பதைவிடக் காலையிலிருந்தே பருகிவருவது பயன்தரும். தொண்டையை மரக்கச் செய்யும் மாத்திரைகள் எச்சரிக்கும் வலியை மறைப்பதால் அவற்றை நம்பிப் பாடாதீர்கள். குரல் போனபின் அழுத்திக் கிசுகிசுப்பதும் சிரமமே தரும். நான் பெரிதும் நம்புவது ஒரு ஸ்ட்ராவை. கோப்பைத் தண்ணீரில் இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்கு அதை விட்டு, குமிழி எழும்படி ‘ஊ’ என்று குரலுடன் ஊதி, சுருதியை ஏற்றி இறக்க வேண்டும். ஒத்திகைக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் செய்தால் குரல்நாண்கள் குறைந்த மோதலுடன் அதிரப் பழகும்.

பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் திடீரென அறுந்துபோனால் அத்துடன் நிறுத்திவிட்டு, வாய் திறவாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் விரைந்து செல்லுங்கள். நாணுக்குள் இரத்தக்கசிவு நேர்ந்திருக்கக்கூடும். ஆஸ்பிரின் போன்ற சில வலிநிவாரணிகள் அந்தக் கசிவுக்கு இடம் கொடுப்பவை. மற்றபடி, கரகரப்பு நான்கு வாரம் தாண்டினால் குரல்வளையை உள்நோக்கிக் கருவியால் பார்த்தாக வேண்டும். புகைப்பிடிப்பவர், கழுத்தில் கட்டி தெரிபவர், சளியில் இரத்தம் காண்பவர் நான்கு வாரமும் காத்திருக்க வேண்டாம். அரசு சுகாதாரக் கிளினிக்கில் காட்டிப் பரிந்துரைக் கடிதம் பெற்றால் அரசு மருத்துவமனையின் நிபுணரைப் பார்க்கலாம். அங்கே போகும்போது நாடகத் தேதியையும் ஒத்திகை அட்டவணையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த நாளில் பாடலாம், எந்த நாளில் வாய்மூடி இருக்கலாம் என்று வகுத்துச் சொல்ல எங்களுக்கு அவை தேவை.