கதையில் 'செட்டிங்': தமிழில் என்ன சொல்வது?

கதை எழுதக் கற்றுத்தரும் இடங்களில் 'செட்டிங்' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். கதை எங்கே நடக்கிறது, எப்போது நடக்கிறது, சுற்றிலும் என்ன இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் செட்டிங். வைத்தல், பதித்தல், அமைத்தல் என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்த சொல் இது. மோதிரத்தில் கல் பதிப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். நம் சினிமாக்காரர்கள் 'செட்' போடுவதும் அதே வேரிலிருந்து வந்ததே.

தமிழில் இதற்குப் பலரும் எழுதுவது 'கதைக்களம்'. நல்ல சொல். களம் என்றால் ஒரு காரியம் நடந்தேறும் இடம்: நெல்லடிக்கும் களம், போர்க்களம். இலக்கியக் கலைச்சொல்லாகவும் இது பழையது. தொல்காப்பியத்தில் செய்யுளைப் பற்றிய பகுதியான செய்யுளியல் எண்ணுகிற 34 செய்யுள் உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம் என்ற நான்கும் அடுத்தடுத்து வருகின்றன. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது என்று இன்று கதை எழுதுகிறவர் தன்னைக் கேட்டுக்கொள்ளும் அதே கேள்விகள்! களன் என்பதைக் 'கரும நிகழ்ச்சி இடம்' என்றே தொல்காப்பியர் விளக்குகிறார்.

இப்படிப்பட்ட சொல்லைத்தான் சினிமா விமர்சனங்களில் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். 'வித்தியாசமான கதைக்களம்' என்று எழுதும்போது பெரும்பாலும் கதைப்போக்கையே சொல்கிறார்கள். அதற்குக் கதைப்பின்னல் என்ற சொல் இருக்கிறது, அதையே எழுதலாம்.

'கருப்பொருள்' விஷயம் இன்னும் சுவையானது. கதை பேசுகிற மையக்கருத்தைக் குறிக்க இன்று இதைத்தான் எழுதுகிறோம். ஆனால் காதல் பாடல்களுக்கான அகத்திணை இலக்கணத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை கருப்பொருள். அதாவது செட்டிங்கின் பெரும்பகுதி! இன்றைய வழக்கு ஊறிவிட்டது, மாற்ற முடியாது. ஆனாலும் பழைய பிரிவினை எழுதுகிறவருக்கு மிகவும் உதவும். முல்லை என்றால் காடு மட்டும் இல்லை, கார்காலமும் மாலையும் சேர்ந்ததுதான் முல்லை. இடத்தையும் பொழுதையும் பிரித்துப் பார்க்காத கண் அது.

ஒரு பெண் பேருந்து நிலையத்தில் காத்திருக்கிறாள் என்று எழுதுங்கள். பகல் பதினொரு மணி என்றால் அதில் கதை இல்லை. கடைசிப் பேருந்து போய்விட்டது, டீக்கடைக்காரர் பாய்லரைக் கழுவிக் கவிழ்க்கிறார், அவள் கைபேசியில் சார்ஜ் இல்லை என்று எழுதுங்கள். அவள் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்குள் வாசகருக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. இங்கே நிலையம் முதற்பொருள், இரவும் முதற்பொருள், பாய்லர் கருப்பொருள். முரண், அதாவது கதையை நகர்த்தும் மோதல், எங்கிருந்தோ வரவில்லை, களத்திலிருந்தே முளைக்கிறது.

கதையின் மற்ற உறுப்புகளுக்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. கதைமாந்தர், கதைப்பின்னல், முரண், நோக்குநிலை (யார் பார்வையில் கதை சொல்லப்படுகிறது என்பது) எல்லாம் புழக்கத்தில் உள்ளவையே. செட்டிங்குக்குப் 'பின்னணி' என்று எழுதுவதை மட்டும் நான் தவிர்ப்பேன். அது பின்னால் தொங்கும் திரையைத்தான் நினைவூட்டுகிறது. இடத்தை மட்டும் சொல்லும்போது களம் போதும். பொழுதும் சேரும்போது 'களமும் காலமும்' என்று எழுதலாம்.