பிளாஸ்பெமி – இறைப்பழிப்பு

செய்தித்தாள்கள் ‘மத நிந்தனை’ என்று எழுதும் பிளாஸ்பெமி என்ற ஆங்கிலச் சொல், கிரேக்கத்தின் பிளாஸ்பேமியா என்பதிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. அதன் பிற்பாதி பேச்சைக் குறிக்கும். முற்பாதியின் மூலம் குறித்து அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. முதலில் எவரைப் பற்றிய பழிச்சொல்லையும் குறித்த அது, கிறித்தவ வழக்கில் கடவுளை இகழ்தல் என்ற அளவில் சுருங்கியது. அதே சொல் பிரெஞ்சில் தேய்ந்து, ஆங்கிலத்தில் ‘பிளேம்’ ஆகிப் பழைய பொதுப்பொருளைக் காத்துக்கொண்டது.

தமிழ் விவிலியம் இதைத் தேவதூஷணம் என்றது. இயேசுவின் விசாரணையில் தலைமைக் குரு தம் உடையைக் கிழித்துக்கொண்டு சாட்டும் குற்றம் அதுவே. ஆனால் இலங்கைத் தமிழரிடம் தூஷணம் என்றால் கெட்ட வார்த்தை என்றே பொருள்படும். சைவ வழக்கில் சிவநிந்தை பெரும் பாவம். அடியாரை இகழ்ந்தோரின் நாவை அரிந்தவராகவே சத்தி நாயனார் போற்றப்படுகிறார். அதே மரபுதான் இறைவனைப் ‘பித்தா’ என்றழைத்த சுந்தரரையும், பழிப்பதுபோல் புகழும் நிந்தாஸ்துதியையும் கொண்டாடுகிறது. சொல்லை மட்டும் பார்த்துப் பழிப்பென்று முடிவு கட்டினால் தேவாரத்திலேயே சில வரிகள் சிக்கிக்கொள்ளும்.

சட்டத்தில் இச்சொல் காக்கும் பொருள் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இங்கிலாந்தில் 2008-இல் நீக்கப்படும் வரை அந்தக் குற்றம் கிறித்தவத்தை மட்டுமே, அதிலும் முதன்மையாக ஆங்கிலிக்கத் திருச்சபையின் கோட்பாட்டையே காத்தது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமோ பல மதத்தினரை ஒருங்கே ஆள வேண்டியிருந்ததால், எந்தத் தெய்வத்தின் மாண்பையும் காக்க முன்வராமல், வழிபாட்டிடங்களுக்கும் மக்களின் மத உணர்வுக்கும் இழைக்கப்படும் தீங்கையே குற்றமாக்கியது. நபிகள் நாயகத்தை இழிவுபடுத்திய சிறு நூலின் பதிப்பாளரை லாகூர் உயர் நீதிமன்றம் விடுவித்ததை அடுத்து எழுந்த கொந்தளிப்பில், 1927-இல் 295-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. இன்று அது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவு. வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன் இழிவுபடுத்தியிருந்தால்தான் அது பொருந்தும் என்றும், அறியாமலோ கவனக்குறைவாலோ நேர்ந்தது அதில் அடங்காது என்றும் 1957-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. புகார் கொடுப்பவர்களும் அதைப் பதிவு செய்பவர்களும் இந்தப் பாதியைத்தான் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

1953-இல் திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் களிமண் பிள்ளையார் உருவத்தை உடைத்ததும் வழக்கானது. வழிபாட்டில் இல்லாத மண்ணுருவைப் புனிதப் பொருளாகக் கொள்ள முடியாது என்று கீழ் நீதிமன்றங்கள் புகாரைத் தள்ளின. 1958-இல் உச்ச நீதிமன்றம் அவ்விளக்கம் மிகக் குறுகியது என்றும், ஒரு வகுப்பார் புனிதமாகக் கருதும் எப்பொருளும், வழிபாட்டிடத்தையோ புனிதப் பொருளையோ சேதப்படுத்துவதைக் குற்றமாக்கும் 295-ஆம் பிரிவில் அடங்கும் என்றும் கூறியது. ஆயினும் காலம் கடந்துவிட்டதால் வழக்கை மீண்டும் நடத்தச் சொல்லவில்லை. பிள்ளையார் அவமதிக்கப்பட்டாரா என்ற கேள்வியே அங்கு எழவில்லை, அந்த உருவத்தை மக்கள் எப்படிக் கருதினர் என்பதே பார்க்கப்பட்டது.

ஆகவே பிளாஸ்பெமிக்கு நேரான தமிழ் இறைப்பழிப்பு. தெய்வ நிந்தனை என்பதும் பிழையன்று. நபியின் பெயரை இழிவுபடுத்துவதற்கு மரண தண்டனை வைத்திருக்கும் பாகிஸ்தானின் 295-சி பிரிவை நபிப் பழிப்புச் சட்டம் என்பதே பொருந்தும். இந்தியச் சட்டத்தில் உள்ளதை ‘மத உணர்வைப் புண்படுத்தல்’ என்றே எழுத வேண்டும். இம்மூன்றையும் ‘மத நிந்தனை’ என்ற ஒரே பெயரில் அடக்கும்போது, கடவுளையோ கோட்பாட்டையோ மறுத்துப் பேசுவதே இங்கு குற்றம் என்ற எண்ணம் படிப்பவரிடம் விழுகிறது. சட்டத்தில் அப்படி ஒரு குற்றம் கிடையாது.