மறதி எப்போது தொடங்கியது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் மருத்துவம் பார்க்கும் கிளினிக்குக்கு, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியே வாழ்நாளைக் கழித்த 75 வயதுப் பாட்டி ஒருவரை அவருடைய மருமகள் அழைத்து வந்தார். தோட்டத்தில் காலையில் ஆள்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று மூன்று நாள்களாக நள்ளிரவில் எழுந்து வாசலுக்குப் போகிறாராம். “வயசாயிடுச்சு, அதான் டாக்டர்” என்றார் மருமகள். போன வாரம் எப்படி இருந்தார் என்று கேட்டேன். சந்தைக்குத் தனியே போய், சில்லறை பிசகாமல் மீன் வாங்கி வந்தாராம். பரிசோதித்ததில் சிறுநீர்த் தொற்று தெரிந்தது; அதற்கு மருந்து கொடுத்த பின் சில நாள்களில் பாட்டிக்குத் தெளிவு திரும்பியது.

சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ வரும் இத்தகைய குழப்பத்தை டெலிரியம் என்கிறோம். தொற்று, நீரிழப்பு, மருந்துகளின் விளைவு ஆகியவை இதன் முக்கியக் காரணங்கள். இது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை. 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் விவரித்த நோயோ, எந்த மாதத்தில் தொடங்கியது என்று வீட்டாரால் சொல்ல முடியாத அளவுக்கு மெதுவாக வளர்வது. மூளையில் அமிலாய்டு, டவ் என்னும் புரதங்கள் படிந்து நரம்பணுக்கள் அழிவதோடு தொடர்புடைய இந்நோயே டிமென்ஷியா என்னும் மறதி நோய்களில் மிகப் பரவலானது. இரத்தக் கொதிப்பும் இனிப்புநீர் என்னும் சர்க்கரை நோயும் மூளையின் இரத்தக் குழாய்களைக் கெடுப்பதால் வருவது வேறொரு வகை. அதில் நினைவாற்றல் பெரும்பாலும் படிக்கட்டில் இறங்குவதுபோல், ஒவ்வொரு பக்கவாதத்துக்கும் ஒரு படி குறைகிறது. இல்லாத ஆள்கள் கண்ணுக்குத் தெரிவது லூயி உடல் டிமென்ஷியாவாக இருக்கலாம். அதைப் பேய் பிடித்ததாக எண்ணி மாதக்கணக்கில் பூசை செய்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கையில் எனக்கு வருத்தமாக இருக்கும்.

தோட்டக் குடும்பங்களைச் சீரழித்த சம்சு என்னும் மலிவுச் சாராயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெடுநாள் குடியும் சரியாகச் சாப்பிடாமையும் சேர்ந்து உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமினை வற்றச் செய்ய, புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியாத கோர்சகாஃப் நோய் உண்டாகிறது. நோயாளி தம்மையறியாமல் நடவாததை நடந்ததாகச் சொல்லி அந்த வெற்றிடத்தை நிரப்புவார். அவர் பொய் சொல்லவில்லை என்பதை மனைவி மக்களுக்குப் புரியவைப்பதற்கே எனக்குப் பல சந்திப்புகள் தேவைப்படுகின்றன.

தைராய்டு குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து சில வாரங்களுக்குப் பின் மூளையைச் சுற்றித் தேங்கும் இரத்தம், இனிப்புநீருக்கான மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் உட்கொள்வதால் நேரக்கூடிய பி12 குறைபாடு ஆகியவற்றால் வரும் மறதிக்குச் சிகிச்சை உண்டு என்பதால், வரும்போது எல்லா மருந்துகளையும் பையோடு கொண்டுவரச் சொல்கிறேன். கூடவே இருப்பவரே துணைக்கு வர வேண்டும் என்றும் கேட்கிறேன்.

பள்ளிக்கூடமே போகாத தாத்தாவுக்கு இன்றைய தேதி தெரியாததை நான் நோயாகக் கொள்வதில்லை. எத்தனை மணிக்கு மரம் சீவப் போவீர்கள், மங்கு என்னும் கிண்ணத்தில் பால் வடிந்து முடிய எவ்வளவு நேரமாகும் என்று கேட்கிறேன். அதிலும் அவர் தடுமாறினால்தான் எனக்குக் கவலை.