பிள்ளையைச் சாரணர் படையில் சேர்க்கும் முன்

சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் உளவியல் ஆலோசனை வழங்குவது என் தொழில். "நாலு பேர் முன்னால் வாயே திறப்பதில்லை", "அறையை விட்டு வெளியே வருவதில்லை" என்று சொல்லிக்கொண்டு வரும் பெற்றோர் பலரும் என்னிடம் எதிர்பார்ப்பது ஏதாவது ஒரு பயிற்சி வகுப்பின் பெயரைத்தான். பக்கத்தில் சாரணர் படை இயங்குகிறதா என்று விசாரியுங்கள் என்றால் முகம் சுருங்கும். "சீருடை போட்டுக்கொண்டு அணிவகுத்துப் போவதுதானே?"

அணிவகுப்பு அதில் ஒரு சிறு பகுதி. என்னைக் கவர்ந்தது அணி முறை. 1907 ஆகஸ்டில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களைக் கூட்டி முதல் முகாமை நடத்தினார். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தார்கள். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக வைத்தார். பல நாடுகளில் இன்றும் அதே வழக்கம்தான்: ஆறு முதல் எட்டுப் பேர், அவர்களுக்குள் ஒருவர் தலைவர்.

நாற்பது பேர் உள்ள வகுப்பறையில் கூச்சமுள்ள பிள்ளை ஆண்டு முழுவதும் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடலாம். ஏழு பேருக்குள் அது நடக்காது. கூடாரத்தின் ஒரு மூலையை அவன்தான் பிடிக்க வேண்டும். அவன் வராவிட்டால் கூடாரம் சாயும். பதற்றத்தில் இருக்கும் பிள்ளையிடம் "நீ திறமைசாலி" என்று எத்தனை முறை சொன்னாலும் உள்ளே இறங்குவதில்லை. தன்னால் ஒரு வேலை நடக்கிறது என்பதை அவனே பார்க்க வேண்டும்.

ஒரு படையின் முதலுதவிப் பயிற்சியின்போது கவனித்தது இது. கழுத்தில் அணியும் முக்கோணத் துணியைக் கொண்டு எலும்பு முறிந்ததாக நடிப்பவனின் கையைத் தாங்கும் தூளி கட்ட வேண்டும். பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி அவசரமாக முடிச்சுப் போட்டாள். 'நோயாளி' எழுந்ததும் முடிச்சு நழுவிக் கை தொங்கிவிட்டது. "அக்கா, இவள் என் எலும்பை இன்னொரு முறை உடைத்துவிட்டாள்" என்று அவன் அலற, அணியே சிரித்தது. அணித் தலைவிக்கும் வயது பதினான்குக்கு மேல் இருக்காது. அவள் திட்டவில்லை, முடிச்சை அவிழ்த்து மெதுவாகக் காட்டினாள். முதலில் வலது நுனி இடதின் மேல், அடுத்து இடது நுனி வலதின் மேல். நுனி இரண்டும் துணியோடு ஒட்டிப் படுத்தால் சரி, குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றால் தவறு. சிறுமி மறுபடி கட்டினாள், நின்றது. தவறு செய்வதும், அதற்குப் பிறர் சிரிப்பதும், தானும் சிரித்துவிட்டுத் திருத்துவதும் சில நிமிடங்களில் முடிந்துவிட்டன. தவறிவிடுவோமோ என்ற அச்சத்தாலேயே எதையும் தொடாத பிள்ளைகளைத் தினமும் பார்க்கும் எனக்கு அதன் மதிப்பு தெரியும்.

ஆய்வும் இருக்கிறது. பிரிட்டனில் 1958-இல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை வாழ்நாள் நெடுகத் தொடர்ந்துவரும் ஆய்விலிருந்து ஏறத்தாழ 9,600 பேரின் விவரங்களை எடின்பரோ, கிளாஸ்கோ பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2016-இல் அலசினார்கள். சிறு வயதில் சாரணராகவோ சாரணியராகவோ இருந்தவர்களுக்கு 50 வயதில் பதற்றமோ மனநிலைக் கோளாறோ இருக்கும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம் குறைவாக இருந்தது. இதைத் தடுப்பூசி போல விற்க எனக்கு விருப்பமில்லை. பிள்ளையை அங்கே அனுப்பும் குடும்பங்களுக்கு வேறு அனுகூலங்களும் இருந்திருக்கலாம். கடும் மனச்சோர்வில் இருக்கும் பிள்ளைக்கும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்கும் முதலில் சிகிச்சைதான் வேண்டும், முகாம் பிறகு.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இந்த இயக்கத்தைப் பரிந்துரைப்பது பொறுப்பாகாது. அமெரிக்கச் சிறுவர் சாரணர் அமைப்பு, பாலியல் கொடுமை வழக்குகளின் சுமையால் 2020-இல் திவால் சட்டத்தின் கீழ் நீதிமன்றப் பாதுகாப்பு கோரியது. அதையொட்டி 80,000-க்கும் அதிகமானோர் இழப்பீடு கேட்டு முன்வந்தார்கள். பிள்ளையைச் சேர்க்கும் முன் படைப் பொறுப்பாளரிடம் நேராகவே கேளுங்கள். பெரியவர்களின் பின்னணியை யார் சரிபார்க்கிறார்கள்? முகாமில் எப்போதும் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்கள் இருப்பார்களா? ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனித்து மறைவில் இருக்க நேராதபடி என்ன ஏற்பாடு? பெற்றோர் சொல்லாமல் வந்து பார்க்கலாமா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் படை வேண்டவே வேண்டாம். வீட்டிலும் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்: பெரியவர் யார் "இதை வீட்டில் சொல்லாதே" என்றாலும், முதலில் வீட்டில்தான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு திறனைக் கற்று முடித்ததற்கும் படையில் தரும் தகுதிச் சின்னங்கள் விஷயத்தில் பெற்றோர் சற்று ஒதுங்கியிருப்பது நல்லது. மகனுக்கு எத்தனை சின்னம், பக்கத்து வீட்டுப் பையனுக்கு எத்தனை என்று கணக்குப் போடத் தொடங்கினால் அதுவும் இன்னொரு மதிப்பெண் பட்டியல் ஆகிவிடும். சிலர் பிள்ளையின் செயல்திட்டத்தையே தாங்கள் செய்து கொடுக்கிறார்கள். யாருக்குச் சின்னம் கொடுப்பது என்று படைப் பொறுப்பாளர் திகைத்துப்போவார்.

முதல் முகாமின் இரவில் வீட்டு ஏக்கம் வரும். அது இயல்பு, பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் தணிந்துவிடும். "பிடிக்காவிட்டால் உடனே வந்து கூட்டிப்போகிறேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை அந்த வாக்கையே நினைத்துக்கொண்டிருக்கும். அச்சமோ காயமோ என்றால் எந்த நேரத்திலும் வருவேன், ஏக்கம் என்றால் அணியோடு பேசு என்று இரண்டையும் பிரித்துச் சொல்லி அனுப்புங்கள். கிளம்புவதற்கு முன், வீட்டுக்கு வெளியே இதுவரை தூங்கியே இராத பிள்ளை என்றால், உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கவைத்துப் பாருங்கள்.