வரி அணில் அன்று, வளை அணில்

என் பேத்திக்கு ஏழு வயது. ரொறன்ரோவில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். போன வாரம் அவள் கொண்டுவந்த பயிற்சித் தாளில் கன்னம் உப்பிய ஒரு சின்ன விலங்கின் படம் இருந்தது. கீழே 'வரி அணில்' என்று அச்சடித்திருந்தார்கள். எங்கள் வீட்டுப் பின்வளவில் நாள்தோறும் ஓடித் திரிகிற சிப்மங்க்தான். தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மப்பா, யாழ்ப்பாணத்தில் உங்கள் மாமரத்தில் இருந்த அணிலுக்கும் முதுகில் வரி இருந்ததே. அதுவும் சிப்மங்க்கா?"

இந்த 'வரி அணில்' என் காதில் விழுவது இது முதல் தடவை அன்று. கதை சொல்லும் நிகழ்ச்சியில் கேட்டிருக்கிறேன், மொழிபெயர்த்த படக்கதையில் கண்டிருக்கிறேன், பேசாமல் இருந்திருக்கிறேன். இனி இருப்பதாக இல்லை.

மூலச் சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிப்மங்க் பிறப்பால் ஆங்கிலச் சொல் அன்று. வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றி வாழும் ஓஜிப்வே மக்களின் 'அஜிதமூ' என்ற சொல், ஆங்கிலம் பேசியவர்களின் வாயில் திரிந்து 19ஆம் நூற்றாண்டில் இந்த வடிவத்துக்கு வந்தது. இடையில் 'சிட்மங்க்' என்றும் எழுதினார்கள். மரத்திலிருந்து தலைகீழாக இறங்குவது என்று ஓஜிப்வே சொல்லுக்குப் பொருள் சொல்வார்கள். அது சிவப்பு அணிலின் பெயர். மரத்தில் வாழும் ஒன்றின் பெயரை எடுத்து மண்ணுக்குள் வாழும் இன்னொன்றுக்கு வைத்துவிட்டார்கள். 'சிப் சிப்' என்று கத்துவதால் வந்த பெயர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கத்துவது உண்மை, பெயர்க் காரணம் அது அன்று. 'தாமியாஸ்' என்ற அறிவியல் பெயர் கிரேக்கம், பண்டசாலைப் பொறுப்பாளர் என்று பொருள். சுமார் 25 இனங்கள்; சைபீரியாப் பக்கத்து இனம் ஒன்றைத் தவிர எல்லாம் வட அமெரிக்காவில்தான்.

இனி வரிக்கு வருகிறேன். ஆங்கில அகராதியைத் திறந்தால் 'முதுகில் வரி கொண்ட சிறிய அணில்' என்ற பொருளில் விளக்கம் இருக்கும். ஆங்கிலத்துக்கு அது சரி. அவர்கள் அணில் என்று சொன்னதும் நினைவுக்கு வருவது சாம்பல் அணிலும் செவ்வணிலும். இரண்டின் முதுகிலும் வரி கிடையாது. வரி என்று சொன்னாலே போதும், வேறு விலங்கு என்று புரிந்துவிடும். தமிழில் நிலைமை தலைகீழ். நமக்கு அணில் என்றாலே வரிதான். தொல்காப்பிய மரபியல் 'மூவரி அணில்' என்கிறது. புறநானூறு 246ஆம் பாட்டில் பெருங்கோப்பெண்டு வெள்ளரிக்காயை 'அணில்வரிக் கொடுங்காய்' என்கிறாள். காயின் கோட்டைச் சொல்ல வேண்டுமென்றால் அணிலின் முதுகைத்தான் காட்ட வேண்டும், அந்த அளவுக்கு ஊரறிந்த வரி அது. இராமர் தடவிக் கொடுத்த கதையைப் பாட்டி சொல்லாத வீடு உண்டா? அப்படிப்பட்ட மொழியில் போய் 'வரி அணில்' என்றால், 'கொம்பு மாடு' என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

இங்கே வளரும் பிள்ளைக்கு அணில் என்றால் பூங்காவில் திரியும் கறுப்பு அணில்தானே, அவளுக்கு வரி என்பது வேறுபாடுதானே என்று அந்த வகுப்பின் ஆசிரியை என்னிடம் வாதாடினார். நல்ல மனுஷி, வாதமும் கெட்டிக்கார வாதம்தான். ஆனால் என் பேத்தி யாழ்ப்பாணத்துக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறாள். அந்த ஒரு தடவையிலேயே பெயர் உடைந்துவிட்டதே. ரொறன்ரோவில் மட்டும் செல்லுபடியாகும் பெயரைச் சொல்லிக் கொடுப்பதற்கா சனிக்கிழமைக் காலையில் பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறோம்?

சிப்மங்க்குக்கு முகத்திலும் கோடு உண்டு, நம் அணிலுக்கு இல்லை. வரியை வைத்துத்தான் பிரித்துக் காட்டுவோம் என்று அடம்பிடித்தால் 'முகவரி அணில்' என்றுதான் வைக்க வேண்டும். தபால்காரர் சிரிப்பார்.

பெயர் கோணினால் பாடமும் கோணிவிடுகிறது. அதே தாளில் 'இது மரத்தில் கூடு கட்டி வாழும்' என்று எழுதியிருக்கிறது. ஏன்? அணில் என்று எழுதிய கை தானாகவே அடுத்த வரியில் மரத்தைப் போட்டுவிட்டது. 'குளிர்காலம் முழுவதும் தூங்கும்' என்று இன்னொரு வரி. அதுவும் பிழை. கரடியைப் போல உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு கிடக்கிற விலங்கு அன்று இது. சில நாள் மரத்துப் போய்க் கிடக்கும், விழிக்கும், சேர்த்து வைத்ததைத் தின்னும், மறுபடி சுருண்டுகொள்ளும். சேமிப்பு இல்லாவிட்டால் அதற்குக் குளிர்காலம் இல்லை.

மொழிபெயர்க்கிறவர்கள் ஒரு தடவை கதவைத் திறந்து வெளியே பார்த்திருக்கலாம். எங்கள் வளவில் பறவைகளுக்கு வைத்த தட்டிலிருந்து சூரியகாந்தி விதை சிந்தும். சிப்மங்க் வந்து முன்கால் இரண்டாலும் ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்துக்குள் தள்ளும். முதலில் இடது பக்கம் வீங்கும், பிறகு வலது பக்கம். கடைசியில் அம்மைக்கட்டு வந்த பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிடும். பிறகு வாலைக் கொடிக்கம்பம் போல நிமிர்த்திக்கொண்டு ஒரே ஓட்டம். எங்கே என்கிறீர்கள்? மரத்துக்கு அன்று. கொட்டகை மூலையில் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய துளை ஒன்று இருக்கிறது, அதற்குள். துளையைச் சுற்றி ஒரு பிடி மண் கூட இல்லை. தோண்டிய மண்ணை வேறு பக்கமாக வெளியேற்றிவிட்டு அந்த வாயை அடைத்துவிடுமாம். உள்ளே பல மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம், படுக்க ஓர் அறை, பண்டம் வைக்க அறைகள்.

நண்டுக்கு வளை, எலிக்கு வளை என்று சொல்கிறோம். இதற்கும் அந்தச் சொல் போதும்: வளை அணில். குழந்தை வாயில் நுழையும், எங்கே வாழ்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடும். வளை என்றால் கைவளை அல்லவா என்று கேட்பார்கள். கேட்கட்டும், நண்டு வளைக்குள் கையை விட்டுக் கடிபட்ட எவருக்கும் அந்தக் குழப்பம் வராது. 'தரை அணில்' என்பதை நான் ஏற்கவில்லை, அது வேறொரு கூட்டத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது. 'பொந்து அணில்' என்றால் மறுபடி மரத்தில் ஏற்றிவிடுவோம். கன்னத்துப் பையை வைத்துக் 'கன்னப்பை அணில்' என்று ஒரு நண்பர் சொன்னார். அழகுதான். ஆனால் கன்னம் வைப்பது திருடனின் தொழில், அது வேறு நினைவுக்கு வந்து தொலைக்கிறது. 'சிப்மங்க்' என்று அப்படியே எழுதினாலும் எனக்குப் பெரிய கோபம் இல்லை. தெரியாத விலங்கைத் தெரியாத பெயரால் அழைத்தால் பிள்ளை 'அது என்ன?' என்று கேட்கும். தெரிந்த விலங்கின் பெயரை ஒட்டவைத்தால் அந்தக் கேள்வியே எழாது. மாமரத்து அணில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று. தாளின் கடைசி வரி 'தாயும் குஞ்சுகளும்' என்று முடிகிறது. கண் திறக்காமல், மயிர் முளைக்காமல் பிறந்து, ஆறு வாரம் வளைக்குள்ளேயே வளர்ந்து வெளியே வருகிறவை கோழிக்குஞ்சுகளா? மூவரி அணிலுக்குக் குட்டி என்று மரபியல் சொல்கிறது, பறழ் என்றாலும் தடையில்லை என்கிறது. பேத்தி தாளில் 'குஞ்சு' என்பதை அடித்துவிட்டுக் 'குட்டி' என்று எழுதியிருக்கிறாள். 'வரி' என்பதில் இரண்டாம் எழுத்துக்கு மேல் 'ளை' என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறாள். சனிக்கிழமை ஆசிரியை அதற்கு எத்தனை புள்ளி போடுகிறார் என்று பார்க்க வேண்டும்.